பட்டியலில் இல்லாத கண்ணாடி

7 ஜூலை 2025, திங்கள்

கண்ணாடிகளுக்கு நிதி தந்த பெங்களூர் நிறுவனத்துக்கு இம்மாதத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்காக எனக்கு நானே போட்டுக்கொண்ட வரிசை:

1. கண் முகாமில் இலவச மூக்குக்கண்ணாடி பெற்ற 180 பேரையும் வீட்டில் போய்ப் பார்ப்பது.
2. பார்த்ததை மட்டும் எழுதுவது.
3. பட்டியலில் இல்லாதவருக்கு ஒரு கண்ணாடிகூடத் தராதிருப்பது.

மூன்றாவதை முகாம் அன்றே காப்பாற்றிவிட்டேன். ஷூவின் மேல்பாகமான அப்பரை வீட்டிலிருந்து கையால் தைக்கும் பெண்களுக்கென்று நாங்கள் கேட்டு வாங்கிய நிதி அது. அவர்களுக்கு வேலை கொண்டுவந்து தரும் ஏஜென்ட் சர்தார் பாஷாவும் வரிசையில் நின்றார். "எனக்கும் ஒண்ணு பாத்து குடு சார்" என்றார். முடியாது என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் சொன்னேன்.

10 ஜூலை, வியாழன்

துத்திப்பட்டில் பதினான்கு வீடுகள். கண்ணாடி போட்டிருந்தவர்கள் நால்வர்.

செண்பகம் அப்பரை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து, ஊசி கோர்க்கத் தடுமாறிக்கொண்டிருந்தார். கண்ணாடி எங்கே என்றேன். அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார் – துணியில் சுற்றி, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"போட்டா நல்லாத்தான் தெரியுது சார். பாஷா பாத்துட்டாரு. கண்ணு போய்டுச்சான்னு கேட்டாரு. இருவது ஜோடி குடுக்கறவரு அடுத்த நாளே பன்னெண்டுதான் குடுத்தாரு. இன்னா பண்றது?" பிறகு அவரே சிரித்தார். "அவருக்குத்தான் மொதல்ல போடணும். ஃபோன எட்ட புடிச்சிக்கினு பாக்கறாரு."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. விண்ணப்பம் எழுதியவன் நான். எழுதும் முன் ஒரு பெண்ணிடமாவது, கண்ணாடி போட்டால் ஏஜென்ட் என்ன சொல்வார் என்று கேட்டேனா?

17 ஜூலை, வியாழன்

180 வீடும் முடிந்தது. போடுபவர்கள் 52.

18 ஜூலை, வெள்ளி

எங்கள் டிரஸ்டை நடத்தும் ஃபரீதாம்மாவிடம் சொன்னேன்.

"நூத்தி எண்பது குடுத்தோமா இல்லியா சார்? குடுத்தோம்னு எழுதுங்க. அதுல பொய் இன்னா இருக்கு?"

பொய் இல்லைதான். ஆனால் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்றல்லவா நிறுவனத்தின் படிவம் கேட்கிறது?

"பேரணாம்பட்டுல இருநூறு பேரு கண்ணாடிக்குக் காத்துக்கினு இருக்காங்க. ரெண்டாவது தவணைப் பணம் நின்னுட்டா அவங்ககிட்ட போய் நீங்க சொல்வீங்களா?"

என்னால் முடியாது. அது அவருக்கும் தெரியும்.

21 ஜூலை, திங்கள்

52 என்றே எழுதினேன். ஏஜென்ட் பார்த்தால் வேலை குறையும் என்று மற்றவர்கள் போடுவதில்லை என்ற காரணத்தையும் எழுதினேன். ஏஜென்டுகளே போட்டுக்கொண்டால் பெண்களைக் குறை சொல்ல மாட்டார்கள், முகாமில் மீந்த இருபது கண்ணாடிகளை அவர்களுக்குத் தரலாமா என்று அனுமதி கேட்டேன். ஃபரீதாம்மா இருமுறை படித்துவிட்டு, "அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார்.

30 ஜூலை, புதன்

பதில் வந்தது. ஏஜென்டுகளுக்குத் தரலாம். இரண்டாவது தவணை இப்போது இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணிச் சொல்ல வேண்டும். ஃபரீதாம்மா இன்று என்னோடு டீ குடிக்கவில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

கண்ணாடி போட்டதும் சர்தார் பாஷா ஃபோனைப் பார்க்கவில்லை. தன் மூட்டையிலிருந்து ஓர் அப்பரை எடுத்தார். "இன்னா தையல் சார் இது, இவ்ளோ கோணலா? இத்தினி நாளா இத்தையா வாங்கினு போய்ட்டிருந்தேன்?"

ஐயோ. இனி வேலையே தராமல் போய்விட்டால்? நான் செய்து வைத்த வேலையா இது?

1 செப்டம்பர், திங்கள்

மறு எண்ணிக்கை இன்று முடிந்தது. போடுபவர்கள் 131.

கடைசியாகச் செண்பகம் வீடு. நான் நிற்கும்போதே பாஷா வந்தார், மூக்கில் கண்ணாடியோடு.

"உன் கண்ணாடி எங்கம்மா?"

"அரிசி டப்பால இருக்குது."

"அரிசிக்கு இன்னாத்துக்குக் கண்ணாடி? எடுத்து போட்டுக்கினு தை. கோணலா இருந்தா திருப்பிடுவேன்." இருபது ஜோடி வைத்துவிட்டுப் போனார்.

எண்ணிக்கையை அனுப்பிவிட்டேன். தவணை வருமா, தெரியாது. டீ வந்தது, ஃபரீதாம்மாவின் மேசையிலிருந்து.

ஜூலையில் எழுதிய வரிசையைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது தவறு. நிறுவனத்தைக் கேட்காமல் தரக் கூடாது என்று எழுதியிருந்தால் சரி. முகாம் அன்றே பெங்களூருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தவன் நான். அதற்கு எட்டு ஜோடி வேலை குறைந்தது செண்பகத்துக்கு.