நீ முதலில் வைத்த விதி

அன்புத் தங்கச்சி சபுரா,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. காரைக்குடியில் நம் ஆபீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உன் நாற்காலியில் இதுவரை யாரையும் உட்கார வைக்கவில்லை. இதைச் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறேன், தெரிகிறதா? விஷயம் வேறு.

ஆச்சியின் விடுதிக்கு நீ எழுதிக் கொடுத்த புரோகிராம் போன வாரம் படுத்துவிட்டது. "ரெண்டு ரூம், மூணு நாள், சைவச் சாப்பாடு" என்று விருந்தாளிகள் போனில் அனுப்புவதைப் பிரித்துப் படித்துப் பதிவு செய்யுமே, அதுதான். எது வந்தாலும் புரியவில்லை என்றது. ஆச்சி என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"என்ன தம்பி, ஒரு செய்தியும் உள்ள போகமாட்டேங்குது. வாரவுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

நான் யோசிக்கவே இல்லை. "சபுரா எழுதுனது ஆச்சி. அதுலதான் ஏதோ கோளாறு" என்றேன். விருந்தாளிகளை வேனில் கொண்டுவந்து இறக்கிய உன் வீட்டுக்காரர் வாசலில் நின்றதைப் பிறகுதான் பார்த்தேன்.

அவர் கோபப்பட்டிருக்கலாம். "மன்னிச்சுக்கங்கண்ணே. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எழுதுனா. ஒடம்பு முடியாம எதையாச்சும் மாத்தி வச்சிருப்பா" என்றார். நான் தலையாட்டினேன், சபுரா.

அதற்கு முந்தின நாள்தான், ஒழுங்கு பண்ணுகிறேன் பேர்வழி என்று, செய்தியை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று புரோகிராமுக்கு நீ எழுதிவைத்த இலக்கண விதிகளை அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, வரிசை மாறினால் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. இத்தனை நாள் ஓடியது திடீரென்று ஏன் நின்றது என்று என்னை நானே கேட்டிருக்க வேண்டாமா?

ஆபீஸுக்கு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். "ரெண்டு ரூம்" என்று மட்டும் அனுப்பினால் ஏற்றுக்கொண்டது. "மூணு நாள்" சேர்த்தால் முழித்தது. அப்போதுதான் உறைத்தது. எங்கே தொடங்குவது என்று தனியாகச் சொல்லாவிட்டால், முதலில் இருக்கும் விதியைத்தான் அது தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். நீ 'செய்தி' என்பதை முதலில் வைத்திருந்தாய். அதற்குள் அறை, நாள், உணவு. நான் அடுக்கியதில் 'அறை' முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. வருகிற செய்தி முழுவதும் வெறும் அறையாகவே இருக்க வேண்டும் என்று அது அடம்பிடித்திருக்கிறது.

மற்ற பெயர்களெல்லாம் வேறொரு விதிக்குள் எங்காவது வருகின்றன. 'செய்தி' மட்டும் எதற்குள்ளும் வரவில்லை. கொஞ்சம் நிதானித்துப் பார்த்திருந்தால், அதுதான் தொடக்கம் என்று அங்கேயே பிடித்திருப்பேன்.

அதை மறுபடி மேலே வைத்தேன், ஓடியது. "சரிபண்ணிட்டீகளே தம்பி, கெட்டிக்காரவுகதான்" என்று ஆச்சி காபி கொடுத்தார். கூசியது. ஆனாலும் குடித்தேன்.

உன் வீட்டுக்காரர் இப்போது என்னைக் கண்டால் முகம் பார்க்கச் சங்கடப்படுகிறார், நீ ஏதோ எனக்குக் கெடுதல் செய்துவிட்டுப் போனது போல. என்னால் அதைத் தாங்க முடியவில்லை, சபுரா.

நாளைக் காலை அவர் வேன் விடுதி வாசலுக்கு வரும்போது நானும் அங்கே நிற்பேன். ஆச்சியின் காது கேட்க, தவறு என்னுடையது என்று சொல்வேன். உனக்காக அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பை, நான் அவரிடம் கேட்பேன்.

உன் பெயருக்குக் குறை தேடி வைத்த அண்ணன்,
சொக்கலிங்கம்