நீங்கள் விட்டுப்போன ஐந்து துவக்குகள்

இஞ்சேரப்பா, என் செலினின் அப்பா,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிற மனுசனுக்கு எதற்குக் கடிதம்? சொல்ல வேண்டியதைக் குசினியிலிருந்து கத்திச் சொல்லிவிடுவேன், நீங்களும் கேட்காத மாதிரி இருந்துவிடுவீர்கள். இப்போது கத்தினால் செலின் பயப்படுகிறாள். அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசித்தால் வாசிக்கட்டும், ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. செலினுக்குக் கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங் கிடைத்துவிட்டது. வேலை செய்துகொண்டே தொழில் படிக்கிறாள். போன கிழமை என்னைக் கடைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்திக் கண்ணைச் சோதித்தாள். "அம்மா, இவ்வளவு நாளும் நீங்கள் அப்பாவின்ரை முகத்தையே வடிவாப் பாத்திருக்க மாட்டியள்" என்றாள். வாய் உங்களுடையதுதான். மன்னாரிலிருந்து உங்கள் அக்கா தொலைபேசியில் பேசினா, உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்களாம். வேலைத்தலத்தில் நெஞ்சு நோகுது என்று இருந்தவர் எழும்பவே இல்லை என்பதை அவவுக்கு மறுபடியும் முதலில் இருந்து சொன்னேன்.

சரி, இனி உங்கள் துவக்குக் கதைக்கு வருகிறேன். செத்த வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த சனங்களின் சட்டிகளைத் திருப்பிக் கொடுத்து முடிக்கவில்லை, அதற்குள் துவக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். உங்கள் பெயரில் ஐந்து துவக்குகள் இருக்கின்றன, வாரிசு என்ற முறையில் நான் வைத்திருக்கலாம், அல்லது அனுமதி உள்ள ஒருவருக்குக் கொடுக்கலாம், வந்து முடிவைச் சொல்ல வேண்டும் என்று நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மினும் தந்தார்கள். என்னிடம் முடிவு எப்போதோ தயாராக இருந்தது. ஐந்தும் வீட்டை விட்டுப் போக வேண்டும். உங்களுக்குத் தெரியாததா?

போருக்குப் பயந்து ஓடிவந்த தமிழன் வீட்டு நிலவறையில் ஐந்து துவக்கா என்று இதைப் படிக்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எல்லாம் அந்தச் செபஸ்தியாரால் வந்த வினை. நாங்கள் ஜெர்மனிக்கு வந்த முதல் கோடை, டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ரைன் கரையில் இருக்கிற இந்தச் சின்ன ஊரில், அகதிகள் விடுதியின் மேல்மாடியில் இருந்தோம். ஒரு ஞாயிறு காலை மேளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பச்சைச் சட்டை போட்ட ஆம்பிளையள், தோளில் துவக்கு, வரிசை வரிசையாக வருகிறார்கள். விடுதியில் இருந்த எங்கள் சனம் முழுக்க யன்னலை அடித்துச் சாத்திவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டது. நீங்கள் மட்டும் எழும்பிப் பார்த்தீர்கள். முன்னால் போன கொடியில், உடம்பெல்லாம் அம்போடு செபஸ்தியார்.

"பிலோ, எழும்பும்! இது எங்கட செபஸ்தியார் திருநாளப்பா!" என்று கத்தினீர்கள். வெள்ளைச் சட்டையை மாட்டி, செபமாலையை எடுத்துக்கொண்டு படியில் பாய்ந்து இறங்கினீர்கள். வரிசையின் கடைசியில் சேர்ந்து, தமிழில் சத்தமாக அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு நடந்தீர்கள். கொடி கோயிலுக்குள் போகப்போகிறது என்று நீங்கள் நினைத்திருக்க, அவர்கள் போனது பியர்க் கொட்டகைக்கு. அது செபஸ்தியார் பெயரில் இயங்கும் ஊர்த் துவக்குச் சங்கம். வருசா வருசம் ஊர்வலம் போய், கம்பத்து உச்சியில் வைத்த மரப்பறவையைச் சுட்டு விழுத்துவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கோயிலில் தருவதை மறுக்கக்கூடாது என்று சிலுவை போட்டு அந்தப் பியரையும் வாங்கிக் குடித்திருக்கிறீர்கள்! உங்களுக்கு முன்னால் நடந்த வில்லி என்ற ஜெர்மன்காரர்தான் பின்னேரம் உங்களைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். அன்றைக்குத் தொடங்கியது உங்கள் இரண்டு பேரின் சிநேகிதம்.

சில வருசத்தில் வதிவிட அனுமதி வந்தது, வீடு வந்தது, கூடவே முதல் துவக்கும் வந்தது. மெல்லிய குழல், சின்னத் தோட்டா. நான் உங்களோடு பேச்சை நிறுத்தினேன், நினைவிருக்கிறதா? நீங்களோ அசையவில்லை. அடுத்து வாய் அகன்ற வேட்டைத் துவக்கு. பிறகு நீண்ட ஆமித் துவக்கு. பெர்லின் சுவர் விழுந்த பிறகு கிழக்கிலிருந்து வந்தது என்று இன்னொன்று. கடைசியாக ஒரு கைத்துவக்கு. ஒன்றின் தோட்டா மற்றதற்குள் போகாது. குழலின் துளை அளவை இங்கே கலிபர் என்கிறார்கள், ஐந்துக்கும் ஐந்து கலிபர். உங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

வில்லியிடம் வாழ்க்கை முழுக்க ஒரே துவக்கு. எங்கள் மேசையில் இருந்து என் மீன்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே, ஒன்றே போதும் என்று உங்களுக்குப் புத்தி சொல்வார். அவருடைய ஜெர்மனை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். "டோனி, ஒண்டு காணும். ஒரு துவக்கு, ஒரு தோட்டா. கையும் கண்ணும் அதுக்குப் பழகினால் காணும். மிச்சத்தைக் குடுத்துப்போடும்." அந்தோனியை டோனி ஆக்கினவரும் அவர்தான். நான் உடனே வில்லியின் பக்கம் சாய்ந்துவிடுவேன். நீங்கள் அசரவே மாட்டீர்கள்.

"உம்மட்டை இடியப்ப உரலுக்கு எத்தினை அச்சு இருக்கு? ஒண்டு காணாதோ எண்டு நான் எப்பவாவது கேட்டனானோ? ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு குணம், பிலோ."

"என்ரை அச்சு ஆரையும் சாக்கொல்லாது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவேன். உங்கள் சுடும் இடத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை நான். வா என்று ஒரு நாளும் நீங்கள் கேட்டதும் இல்லை. ஏன் கேட்கவில்லை என்று அப்போது நான் யோசிக்கவும் இல்லை.

அலுவலகத்து நாளுக்கு முன் வில்லி வந்தார். நிலவறையில் உங்கள் இரும்பு அலுமாரியைத் திறந்தோம். அப்பா, நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு சோடிக் காலுறையை ஒழுங்காகத் தேடி எடுக்கத் தெரியாத மனுசன், அவற்றை எப்படி வைத்திருந்தீர்கள்! எண்ணெய் பூசிய மரம் மினுங்கியது. ஒன்றின் மேல் ஒன்று முட்டாமல் துணி சுற்றியிருந்தது. வேறொரு பெட்டியில் தோட்டாக்கள், அளவு வாரியாக, ஒவ்வொரு தகரத்துக்கும் ஒவ்வொரு நிற நாடா. ஒன்று கச்சான் பருப்பு அளவு, ஒன்று என் சுட்டுவிரல் நீளம், ஒன்று பெருவிரல் மொத்தத்தில் சிவப்பாக. இவை அழகாக இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பயமும் வியப்பும் ஒன்றாக வந்தன.

"எல்லாத்தையும் குடுங்கோ, ஃபிராவ் பிலோமினா. சங்கத்திலை வாங்க ஆக்கள் இருக்கினம்" என்றார் வில்லி. "ஆனால் அதுக்கு முதல் ஒருக்கா வாங்கோ. ஒவ்வொண்டிலையும் ஒரு வெடி வைப்பம். டோனிக்கு அது மரியாதை." செத்த மனுசனுக்கு மரியாதை என்று சொன்ன பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? செலினையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சங்கக் கட்டடத்துக்குக் கீழே நீண்ட அறை. அந்தக் கோடியில் கடதாசி வட்டங்கள். வில்லி துவக்குகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒண்டு காணும் எண்டு நீங்கள் எத்தினை தரம் சொன்னியள். ஏன் அவர் கேக்கேல்லை?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவருக்கு ஒண்டு காணாது எண்டு எனக்குத் தெரியும். முதல் வருசம் பக்கத்திலை ஆரும் சுட்டால் டோனி தரையிலை கிடப்பார். தலையைக் கையாலை மூடிக்கொண்டு கிடப்பார். ஒரு நாள் ரெண்டு பேர் சிரிச்சினம், பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை. சின்னத் துவக்கை வாங்கித் தானே சுட்டுச் சுட்டு அந்தச் சத்தத்துக்கு நிண்டு பழகினார். சரி, இனிப் பிரச்சினை இல்லை எண்டு நினைச்சம். அடுத்த கிழமை ஒருத்தர் வேட்டைத் துவக்காலை வெடி வைக்க, டோனி திரும்பவும் தரையிலை. எந்தச் சத்தத்துக்கு விழுந்தாரோ அதைத்தான் அடுத்ததா வாங்கினார்."

செலின் என் கையைப் பிடித்தாள்.

"அப்ப என்ரை வீட்டு மேசையிலை ஒண்டு காணும் எண்டு சொன்னது?"

"அது டோனி சொல்லச் சொன்னது. நீங்கள் தனியா நிண்டு சண்டை பிடிக்கிறது அவருக்குப் பாவமா இருந்ததாம். உங்கட பக்கத்துக்கும் ஒரு ஆள் வேணுமாம்."

என்ன மனுசனப்பா நீங்கள்! எனக்குப் பக்கத்தில் படுத்திருந்துகொண்டு இவ்வளவு பெரிய வேலையைத் தனியாகச் செய்து முடித்திருக்கிறீர்கள். புதுவருசத்துக்கு ஊரே வெடி கொளுத்த, நீங்கள் யன்னலடியில் நின்று தேத்தண்ணி குடிப்பீர்கள். ஆம்பிளைக்கு நெஞ்சில் ஈரம் இல்லை, எல்லாத்தையும் மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். மறந்தவரா ஒவ்வொரு சத்தமாகத் தேடிப் போய் அதன் முன்னால் நிற்பார்? ஒன்று போதும் என்று நான் சொன்னபோதெல்லாம் என் பேச்சு உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

வில்லி காதுமூடி தந்தார். வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றிலும் ஒரு வெடிதானே என்று விட்டுவிட்டார். சின்னத் துவக்கு வெடித்தது, நின்றேன். வேட்டைத் துவக்கு அறையையே உலுக்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமித் துவக்கு, கிழக்கிலிருந்து வந்தது, இரண்டுக்கும் நின்றேன். எனக்கே என்னை நம்ப முடியவில்லை. "அம்மா, நீங்கள் ஒரு புலுடாவும் விடேல்லை, உண்மையா நிக்கிறியள்" என்றாள் செலின். இதுதானா, இதற்கா இவ்வளவு வருசம் பயந்தேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

கடைசியாக வில்லி கைத்துவக்கை எடுத்தார். மற்றவற்றோடு பார்த்தால் அது ஒரு விளையாட்டுச் சாமான். சத்தமும் பெரிதில்லை. டப் என்று ஒன்று, அவ்வளவுதான்.

நான் தரையில் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. சீமெந்துத் தரையில் கன்னம் பட்டுக் குளிர்ந்தது. செலின் "அம்மா, அம்மா" என்று கத்தினாள்.

உங்களுக்குத் தெரியும். ஊரில் அன்றைக்கு என் தம்பி பீற்றர் வாசல் படலையைத் திறக்கப் போனான். ஆரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வெளியில் கேட்டதும் இதே மாதிரி ஒரு சின்னச் சத்தம். தேங்காய் விழுந்தது என்று நினைத்து, வேலையை முடித்துக்கொண்டுதான் போய்ப் பார்த்தேன். செலினுக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. அன்றைக்கு அந்தத் தரையில் இருந்துகொண்டு முழுவதையும் சொன்னேன். மாமா எப்படி இருப்பார் என்று கேட்டாள். உன்னை மாதிரித்தான், வாயாடி என்றேன். இரண்டு பேரும் அழுதோம், வில்லி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் வந்து பக்கத்தில் இருந்தார். அந்த வயதுக்கு முழங்கால் மடிக்க எவ்வளவு கஷ்டப்பட்டார் தெரியுமா? "இந்தச் சத்தத்துக்கு டோனி ஒரு நாளும் விழேல்லை" என்றார். "இதை அவர் சுடுறதும் குறைவு. பிறகேன் வாங்கினனீர் எண்டு கேட்டன். இது என்ரை இல்லை, பிலோவின்ரை எண்டு சொன்னார். மகளின்ரை பிறந்தநாளுக்குப் பலூன் வெடிச்சால் நீங்கள் மேசைக்குக் கீழை போயிடுவியளாம். வானவெடிக்குப் போக மாட்டியளாம், பலூனுக்குப் போவியளாம். அவ தானா வருவா, அதுவரைக்கும் துடைச்சு வைச்சிருப்பம் எண்டவர்."

இதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தம்பியைக் கொன்ற மாதிரி ஒரு சாமானை வாங்கி, எண்ணெய் பூசி, எனக்கென்று வைத்திருக்கிற புருசன் உலகத்தில் வேறு எங்கே இருப்பான்? அந்தக் கோபத்தோடேயே அதைத் திரும்பிப் பார்த்தேன். துளி தூசி இல்லை. நான் வருவேனா மாட்டேனா என்று தெரியாமலே இத்தனை காலம் துடைத்திருக்கிறீர்கள். ஒரு சொல் என்னை வற்புறுத்தவில்லை. இப்படி ஒரு பொறுமையை நான் எந்த மனுசரிடமும் கண்டதில்லை. உங்களோடு இத்தனை வருசம் வாழ்ந்த எனக்கு, அன்றைக்குத்தான் நீங்கள் ஆர் என்று தெரிந்தது. ஏனப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் வந்திருப்பேனா? தெரியவில்லை.

டெர்மினுக்குப் போனேன். நான்கையும் சங்கத்துக்காரருக்குக் கொடுக்கக் கையெழுத்து வைத்தேன். அந்த நான்கும் உங்களுடைய பயம், நீங்கள் தீர்த்துவிட்டீர்கள். ஐந்தாவதை நான் வைத்திருக்கிறேன் என்றேன். சட்டப்படி வைத்திருக்கலாம், ஆனால் சோதனை எழுதி அனுமதி எடுக்கும்வரை தோட்டா வாங்க ஏலாதாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்டை, ஞாபகத்துக்கா என்று இரக்கமாகக் கேட்டாள். "இல்லை, வேலைக்கு" என்று சொன்னேன்.

இப்போது சனிக்கிழமைகளில் செலின் அந்தச் சோதனைக்கு எனக்குக் கேள்வி கேட்டுப் பாடம் சொல்லித் தருகிறாள், வில்லி கீழே கூட்டிப்போகிறார். வில்லி ஒரு வெடி வைப்பார், நான் விழுவேன், எழும்பித் தூசியைத் தட்டிக்கொண்டு இன்னொன்று என்பேன். போன சனி விழவில்லை. குந்தினேன். குந்தியது விழுந்த கணக்கில் சேராது என்று நான் சொல்ல, வில்லியும் ஓம் என்றார்.

கேளுங்கோ, உங்களுக்கு வாக்குத் தருகிறேன். சோதனை எடுத்து, அதை என் கையாலேயே பிடித்துச் சுடுவேன். அந்தச் சத்தம் முடியும்வரை நிமிர்ந்து நிற்பேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மனதால் படலைக்குப் போவேன், அன்றைக்கு அரிசியைக் களைந்து முடிக்கும்வரை நான் போகாமல் இருந்த அந்தப் படலைக்கு. போய், தம்பியை மடியில் தூக்கி வைத்துக்கொள்வேன்.

உங்கள் மனுசி,
பீற்றரின் அக்கா,
பிலோ