அவரு கையால குடுத்த மாத்திரை

ஐப்பசி 18, செவ்வாய்

காலையில இருந்து தூறல். துணி காயல. அவரோட செக்யூரிட்டி சட்டை இன்னும் கொடியில. எடுக்க மனசு வரல.

ஆஸ்பத்திரி நர்சு நிர்மலா சிஸ்டர் சொல்லிட்டுப் போனாங்க, "அக்கா, செல்வம் தூங்குனானா, சாப்பிட்டானா, மாத்திரை போட்டானா, தினம் எழுதி வைங்க"னு. அவங்களுக்கு துண்டுச் சீட்டுல தனியா எழுதிட்டேன். இது எனக்கு. அவருக்கு கம்பெனியில குடுத்த டைரி, சும்மாதான் கிடந்தது. அஞ்சாவது படிச்சவ, தப்பு இருந்தா இருக்கட்டும்.

தூ - இல்ல. சா - அரை தட்டு. மா - இல்ல.

அவரு போனதுல இருந்தே மா இல்ல. ஒரகடத்துல கம்பெனி லைன்ல வேலைக்கு நின்னுகினு இருந்த புள்ள, அங்கயே புத்தி கலங்கி வூட்டுக்கு வந்தான். அன்னியில இருந்து அவருதான் குடுப்பாரு. டூட்டி முடிஞ்சி வந்து, உள்ள போயி, ரெண்டு பேரும் கதவை ஒருக்களிச்சிப்பாங்க. நான் அடுப்பாண்ட. என்ன செய்வாங்க, கேட்டதில்ல.

நான் நீட்டுனா வாங்க மாட்டேங்கறான். "வைம்மா. அப்பா வரட்டும்."

கொள்ளி வச்சவனே அவன்தான்.

ஐப்பசி 19, புதன்

வெயில், அப்புறம் மழை. மளிகை சொல்லணும். வாழை இலை சொல்லணும்.

கொழுந்தன் ஏழுமலை பென்னலூர்ல இருந்து வந்தாரு.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை காரியம். இவன்தான் உட்காரணும். இப்டி முறைச்சிகினு நின்னா ஜனம் இன்னா சொல்லும்?"

"நல்லாதான் கீறான்."

"எங்க நல்லா கீறான்? ரோட்டுல நின்னுகினு கம்பெனி பஸ்ஸுக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறான். உங்க வூட்டுக்காரரு கேட்ல அடிச்ச மாதிரியே."

எனக்கு சிரிப்பு வந்துச்சு. கொழுந்தனுக்கும்.

"எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு கீது. உள்ள விட்டு பூட்டிடுவாங்க, சோறு போடுவாங்க. காரியம் முடிஞ்ச கையோட கூட்டிகினு போயிடறேன். வேன் சொல்லியாச்சு."

பூட்டிடுவாங்க. அதையே நினைச்சிகினு பாத்திரம் கழுவுனேன்.

கெட்டவரு இல்ல. பயந்துட்டாரு. போறப்ப செருப்பு மாட்டிகினே சொன்னாரு: "சோத்துல கலந்து குடுங்க அண்ணி. எவனுக்குத் தெரியப்போவுது."

தூ - இல்ல. சா - கொஞ்சம். மா - இல்ல.

ஐப்பசி 20, வியாழன்

நுணுக்கினேன். கரண்டி அடியில வச்சி. தயிர் சோத்துல போட்டு பிசைஞ்சேன்.

ரெண்டு வாய். நிறுத்திட்டான். நாக்கை உள்ளயே சுழட்டிப் பாத்தான். கசந்திருக்கும். தட்டை என் பக்கம் தள்ளினான்.

"நீ சாப்பிடு."

நான் கை வைக்கல.

"அப்பாவுக்கும் இப்டித்தான் கலந்தியா?"

மெதுவாதான் கேட்டான். கத்தியிருந்தாகூட தேவலை. அவரு நெஞ்சைப் புடிச்சிகினு சாஞ்ச அன்னிக்கு சாப்பிட்டதும் தயிர் சோறுதான். எனக்கு அது மறந்தே போச்சு. இவனுக்கு மறக்கல.

அருவாமணையை எடுத்துகினு போயி பக்கத்து ரூம்ல வாடகைக்கு இருக்கற தென்காசி பொண்ணுகிட்ட குடுத்துட்டேன். ஒண்ணும் கேக்காம வாங்கி கட்டிலுக்கு அடியில வச்சா. "அண்ணன் ராத்திரி பூரா நடந்துட்டே இருக்காவளே அத்தை. ஒறங்கவே மாட்டாவளா?"

நானும்தான் ஒறங்கல.

ஐப்பசி 21, வெள்ளி

நல்ல மழை. தூ - இல்ல. சா - இல்ல. மா - இல்ல.

தண்ணிகூட பைப்புல அவனே புடிச்சிக்கிறான். கடையில இருந்து பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். அவ்ளோதான். ஒரே வூட்ல ரெண்டு பேரும் சுவத்தோட ஒட்டிகினு நடக்கறோம்.

சிஸ்டர் நனைஞ்சிகினே ஸ்கூட்டில வந்தாங்க. சொல்லிட்டேன். திட்டல.

"நாம ஏமாத்துனது ஒருவாட்டி தெரிஞ்சா போதுங்க்கா. இனிமே நீங்க வெறும் தண்ணி குடுத்தாலும் அவனுக்கு விஷம்தான்."

"ஊசி போட்டுடலாமா?"

"மனநல டாக்டர் திங்கக்கிழமைதான் வர்றாரு. அவரு பாத்துதான் சொல்லணும்."

திங்கக்கிழமைக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வருதே.

அவங்க உள்ள போகல. அவன் ரூம் வாசப்படியிலயே தரையில உட்காந்தாங்க.

"எளைச்சிட்ட செல்வம்."

"எங்கம்மா சோத்துல கலந்துட்டாங்க."

"ஆமா, கலந்தாங்க. உன் மாத்திரைதான். தப்பு."

இல்லைன்னு சொல்லுவாங்கனு நினைச்சிகினு நின்னேன். என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நானும் சொன்னேன். "ஆமாடா. உன் மாத்திரை. அப்பாவுக்கு நான் ஒண்ணும் கலக்கல."

அவன் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"அப்பா எப்டி குடுப்பாரு?" சிஸ்டர் கேட்டாங்க.

"அவரு மொதல்ல போடுவாரு, பிரஷர் மாத்திரை. வாயைத் தொறந்து காட்டுவாரு, நான் பாப்பேன். அப்புறம் நான் போடுவேன், அவரு பாப்பாரு."

கதவு ஒருக்களிச்சது இதுக்குத்தான்.

சிஸ்டர் கிளம்புறப்ப என் கையில பிரஷர் பட்டையைச் சுத்தினாங்க. மொகம் மாறிடுச்சு. "தலை சுத்துதா?" அழுது அழுது சுத்துதுனு நினைச்சேன். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. அண்ணன் விட்டுட்டுப் போன பிரஷர் மாத்திரையை எடுத்துப் போட்டுக்காதீங்க."

ஐப்பசி 22, சனி

ஆஸ்பத்திரி வரிசை. ஸ்ரீபெரும்புதூர் போயி பூஜை சாமான் - கற்பூரம், எள்ளு, வேட்டி. எனக்கும் பிரஷர் மாத்திரை எழுதிட்டாங்க.

கம்பெனி பஸ் திரும்புற நேரம், அவரு டூட்டி முடிஞ்சி வர்ற நேரம். கதவை ஒருக்களிச்சேன். என் அட்டையை அவன் கையில குடுத்து, "நீயே பிரி"ன்னேன். பிரிச்சான். தண்ணி அவனே மொண்டாந்தான். போட்டுக்கினேன். வாயைத் தொறந்தேன். செல் லைட் அடிச்சிப் பாத்தான்.

"நாக்கைத் தூக்கு."

தூக்கினேன்.

"இந்தப் பக்கம்."

காட்டினேன். புள்ளைக்கு முன்னாடி வாயைப் பொளந்துகினு, கண்ணுல தண்ணி.

அவனோடதைக் கையில வச்சிகினே உட்காந்திருந்தான். போடல. திரும்ப டப்பாவுல வச்சிட்டான்.

நாளைக்கு வேன்.

ஐப்பசி 23, ஞாயிறு

மழை விட்டிருந்தது. ஏரிக்கரையில மொட்டை. சவரக்கத்தியைப் பாத்து நான்தான் பயந்தேன், அவன் தலையைக் குடுத்துட்டு சும்மா இருந்தான். பிண்டம் வச்சான்.

வூட்டு வாசல்ல வேன். சாமான் இறக்குறாப்ல நிக்குது, அவனுக்குத் தெரியாதுனு கொழுந்தன் நினைப்பு. அவன் அதைப் பாத்துகினேதான் உள்ள வந்தான்.

படையல். வடை, பாயசம், அவருக்குப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பு தனி கிண்ணத்துல. கற்பூரம் ஏத்தப் போறப்ப எழுந்து உள்ள போனான். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. கொழுந்தன் வேன்காரனுக்கு கை காட்டினாரு.

திரும்பி வந்தான். கையில அவங்க அப்பாவோட மாத்திரை அட்டை. ஒண்ணு பிதுக்கி, இலையில வடைக்குப் பக்கத்துல வச்சான்.

"டேய், இன்னாடா இது. படையல்ல."

"அவரு மொதல்ல, சித்தப்பா. அப்புறம் அம்மா. அப்புறம் நான்."

என் அட்டையை நீட்டினான். நல்ல வேளை, இன்னிக்கு மாத்திரையை நான் இன்னும் போட்டுக்கல. அவ்ளோ ஜனத்துக்கு முன்னாடி வாயைத் தொறந்தேன், நாக்கைத் தூக்கினேன். யாரோ சிரிச்சாங்க. சிரிக்கட்டும். குனிஞ்சி பாத்தான்.

அப்புறம் அவன் போட்டான். என் பக்கம் திரும்பி வாயைத் தொறந்தான்.

"பாரு."

பாத்தேன். அடியில, ரெண்டு பக்கமும்.

கொழுந்தன் வேன்காரனை சாப்பிட வச்சி, வேனை வெறுமன திருப்பி அனுப்பிட்டாரு. "நாளைக்கு டாக்டர்கிட்ட நான் வரேன் அண்ணி."

தூ - இப்பதான் கண்ணை மூடினான்.
சா - வடை. அவரு இலையில இருந்து.
மா - போட்டான்.