வண்டிக்குப் பின்னால் நிற்பவள்

மே 4, ஞாயிறு

கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் மேக்கப் கலையாமல் உட்கார்ந்திருக்கும் வண்டி என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இன்று முதல் அதில் பல் தேய்க்கிறேன். வாடகை வண்டி. உள்ளே ஓர் அடுப்பு, ஒரு சின்னத் தொட்டி, உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும் கழிப்பறை. பின்பக்கத்துப் பெரிய படுக்கை அம்மாவுக்கும் எனக்கும். சாப்பாட்டு மேசையை மடக்கினால் கிடைக்கும் சின்னப் படுக்கை அவருக்கு. நடுவில் ஒரு திரை. அது முழுதாக மூடுகிறதா என்று கிளம்பும் முன்பே அவர் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அவர் என்பது, அம்மா கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மனிதர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் ஒருநாள் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனது. உள்ளே அம்மா, வெளியே அவர். பழுது பார்க்கப் பிடித்த நேரம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கதவிடுக்கு வழியாகப் பேசிய பேச்சு என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். அப்பா போய்ப் பதினோரு வருடம். அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

"ஒரு பத்து நாள் கூட வா. பக்கத்துல இருந்து பாரு. நீ வேணாம்னா வேணாம், விட்டுடறேன்" என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. ஆக, மலைப் பயணம், கைவினைத் திருவிழாக்கள், அருவி எல்லாம் ஊருக்குச் சொல்வதற்கு. ஒப்புதல் முத்திரையை என் கையில் கொடுத்து வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஒரு சிக்கல். அவரைத் தெரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மே 5, திங்கள்

சொற்களை வைத்துத்தான் என் பிழைப்பு. பதிப்பகத்தில் பிழை திருத்துகிறேன். பொருந்தாத சொல் ஒன்று பக்கத்தில் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால்தானோ என்னவோ.

மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன் தம்பி ஆகிவிடுவார்; இருக்கிற நிலைமையில் அது வேறு வம்பு. சித்தப்பா என்று சொல்ல அப்பாவுக்குத் தம்பியே கிடையாது. அங்கிள் என்று கூப்பிடும் வயதை நான் தாண்டிவிட்டேன். சார் என்றால் வேலை கேட்டு வந்தவள்போல் இருக்கும். அப்பா – அந்த இடம் காலியாக இல்லை.

எனவே அவர் முகம் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, "தண்ணி வேணுமா?" என்று ஆரம்பிப்பேன். திரும்பாவிட்டால் தொண்டையைச் செருமுவேன். எனக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது என்று அவர் அம்மாவிடம் கவலைப்பட்டிருக்கிறார்.

இன்று முதல் முகாம். வண்டியின் பின்புறக் கேமரா வேலை செய்யவில்லை. பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று குரல் கொடுத்தாக வேண்டும். முதலில் அம்மா நின்றாள். "லெஃப்ட்ல வாங்க. உங்க லெஃப்ட் இல்ல, என் லெஃப்ட்." வண்டி ஒரு புதரை முத்தமிட்டது. அம்மா பதவி நீக்கப்பட்டாள். வேலை எனக்கு வந்தது.

நான் குரல் கொடுக்கவில்லை. பின்கதவில் தட்டினேன். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. அவர் இறங்கி வந்து, "இது என்ன கணக்கு?" என்றார். சொன்னேன்.

"நாங்களும் இப்படித்தான் தட்டுவோம், லிஃப்டுக்கு மேல நின்னு வேலை பாக்கறப்ப. ஆனா அங்க சத்தமே இருக்காது. இங்க எஞ்சின் ஓடுது. கூப்பிட்டீங்கன்னா நல்லது."

அவருக்கும் நான் நீயா நீங்களா என்று இன்னும் முடிவாகவில்லை. சரி என்று தலையாட்டினேன். அதற்கும் வாய் தேவைப்படவில்லை.

மே 6, செவ்வாய்

நாள் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். அவர் பேசியது ஒரே வாக்கியம்: "இதுக்கு ஒரு லிஃப்ட் போட்டிருக்கலாம்." அம்மா அடுத்த வளைவு வரை சிரித்தாள். அவ்வளவு நல்ல நகைச்சுவை இல்லை.

மே 7, புதன்

முதல் கைவினைத் திருவிழா. ஒரு மைதானம் நிறையக் கூடாரங்கள். செய்பவர்கள் அங்கேயே உட்கார்ந்து, நம் கண் முன்னால் செய்து விற்கிறார்கள். கூடை முடைபவரைச் சுற்றிப் பெருங்கூட்டம். கூடை வாங்க யாரும் இல்லை. கூடைக்காரர் தலை நிமிராமல், "பாக்கறதுக்குக் காசு இல்ல, பாருங்க பாருங்க" என்று முடைந்துகொண்டே இருந்தார்.

அம்மா எதையும் வாங்குவதில்லை. எடுப்பாள், கவிழ்ப்பாள், அடிப்பக்கத்தைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். "மேல எல்லாரும் நல்லாத்தான் செய்வாங்க" என்பது அவள் கொள்கை. மூன்று கூடாரம் தாண்டுவதற்குள் நாலாவது கூடாரக்காரருக்குச் செய்தி போய்விட்டது.

அவர் ஒரு மரக்கரண்டி வாங்கினார்.

"வீட்ல கரண்டி இல்லாமலா இருக்கீங்க?" என்றாள் அம்மா.

"இருக்கு. ஒண்ணு."

அம்மா அந்தக் கரண்டியைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

மே 8, வியாழன்

அருவி பார்க்கும் மேடைக்குப் படியேறிப் போனோம். மூடுபனி. அருவி அங்கே இருந்ததற்குச் சத்தம் மட்டுமே சாட்சி. அம்மா பனியைப் படம் எடுத்தாள்.

பிறகு ரோப் கார். அவர் சீட்டு வாங்கும் முன் கம்பிவடம் சுற்றும் சக்கரத்தின் அடியில் போய் நின்றார். அங்கிருந்த ஆபரேட்டரிடம் ஏதோ கேட்டார், கை கொடுத்தார், திரும்பி வந்தார். "ரொம்ப நல்லா பராமரிக்கறாங்க" என்றார். ஆனால் ஏறவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "உள்ள இருக்கறது தெரிஞ்சவன் ஏறக்கூடாது. நீங்க போய்ட்டு வாங்க" என்றார். நாங்கள் போய்விட்டு வந்தோம். வழி முழுதும் அம்மா சக்கரத்தைப் பற்றி மட்டுமே நினைத்ததாகச் சொன்னாள்.

நான் அவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குத்தானே அழைத்து வந்தார்கள். பல் தேய்த்தபின் தொட்டியைத் துடைத்து வைக்கிறார். செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறார். குறட்டை உண்டு, ஆனால் வேறு மாடியில் மோட்டார் ஓடுவதுபோல் அடக்கமானது. கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் வேலையை யார் செய்வது என்ற கேள்வி எழுவதற்குள் அவர் செய்து முடித்திருப்பார். குற்றம் என்று எழுத இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. அது எனக்கு ஏன் எரிச்சலாக இருக்க வேண்டும்?

மே 9, வெள்ளி

கம்பளிக்காரர்களின் திருவிழா. அங்கேயும் அவர் மரக்கரண்டி விற்கும் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

மாலையில் முகாமின் துணி துவைக்கும் இடத்தில் அம்மா கேட்டாள்.

"ஏண்டி, நீ அவரை எப்படிக் கூப்பிடற?"

"கூப்பிடற அவசியம் வரல."

"ஒரு வருஷமாவா?"

நான் ஒரு காலுறையைப் பிழிந்தேன். ஏற்கெனவே பிழிந்த காலுறை. அம்மா குனிந்து சோப்பைத் தேடினாள். சோப்பு அவள் கையில் இருந்தது.

மே 10, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

மண்பாண்டத் திருவிழா. நல்ல மழை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு குறுகலான இடம் காட்டினார்கள், கடைக் கூடாரங்களுக்கு முதுகு கொடுத்தாற்போல். அவர் பின்னால் எடுத்தார். நான் குடையோடு நின்றேன். இரண்டு தட்டு. இரண்டு தட்டு. அப்புறம் பம்பருக்கும் ஒரு மேசைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. மேசை நிறையக் கிண்ணங்கள். ஒரு தட்டுத் தட்டினேன். வண்டியின் தகரக் கூரையில் மழை அதைவிடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினேன். வண்டி வருகிறது. வாயைத் திறந்தேன் – சத்தியமா திறந்தேன் – உள்ளே மாமா, சார், அங்கிள் எல்லாம் வரிசையில் நின்று ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. "நிறுத்துங்க"ன்னு மட்டும் கத்தியிருக்கலாமே. அது தோணவே இல்லையே. யாரையாவது கூப்பிட்டுத்தானே நிறுத்தச் சொல்லணும்?

மேசை மெதுவாகத்தான் சாய்ந்தது. கிண்ணங்கள் அவசரப்படாமல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

குயவர் ஒரு பெண்மணி, அம்மா வயது. உடைந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பின்னாடியே நிக்கறியே. கத்த வாய் இல்லையா?"

அதற்குள் அவர் இறங்கி ஓடி வந்தார். "அவ சொன்னா. நான்தான் கண்ணாடியப் பாக்கல. என் தப்பு" என்றார். அவ. நீங்களிலிருந்து இறங்கிவிட்டார், அதுவும் என்னைக் காப்பாற்றும் அவசரத்தில். நஷ்டத்தைக் கொடுத்தார். முட்டிபோட்டு ஓடுகளைப் பொறுக்கினார். குயவர் மனம் இளகி, உடையாமல் தப்பிய ஒரு கிண்ணத்தை என் கையில் வைத்தார். "இதையாவது பத்திரமாக் கொண்டுபோ. அடுத்த தடவை வாயத் தொற."

அம்மா வண்டிப் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். 

மே 11, ஞாயிறு

அம்மா முடிவு சொல்லிவிட்டாள். நான் சொல்ல வேண்டிய முடிவை.

"ஊருக்குப் போனதும் இதோட முடிச்சுக்கலாம்னு அவர்கிட்ட இன்னிக்கே சொல்லிட்டேன். தப்பு என்மேலதான். பெத்த பொண்ணுக்குக் கூப்பிட வாயே வராத ஆளை வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது."

"அப்படி இல்லம்மா."

"எப்படி இல்ல?"

அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன். ஏன் சொல்லல? அவரைப் பிடிக்கலன்னா சொல்லியிருப்பேன். பிடிச்சிருக்கே, அதுதானே கஷ்டம். ஒரு பேர் வெச்சுக் கூப்பிட்டுட்டா அது முடிஞ்சுபோன காரியமாயிடும். அப்பா போட்டோவுக்கு முன்னாடி நின்னு இன்னொருத்தரக் கூப்பிடணும். அதுக்காக இவளைத் தனியா உக்கார வெக்கறதா? நான் ஊரில் உள்ள புத்தகமெல்லாம் படிப்பேன், மனசு பெரிசுன்னு நெனச்சுக்குவேன், அப்புறம் தகரத்துல தட்டுவேன்.

அம்மா இன்று மதியம் சிரிக்கவேயில்லை. வளைவுகள் அதே வளைவுகள்தான்.

மே 12, திங்கள்

காலை. அம்மா நடக்கப் போயிருந்தாள். நான் பாத்திரம் கழுவ, அவர் துடைத்தார். என்னைப் பார்த்தபடியே நின்றார், நான் கூப்பிட வேண்டியிருக்காத மாதிரி. இத்தனை நாளும் அவர் அப்படித்தான் நின்றிருக்கிறார் என்பது இன்றுதான் உறைத்தது. 'சளி' எல்லாம் அவருக்கு எப்போதோ புரிந்திருக்கிறது.

"உங்கம்மா சொல்லிட்டாங்க. பரவாயில்ல" என்றார். "ஆனா வண்டியை இன்னும் ஒரு எடத்துல நிறுத்தணும். பின்னாடி நிக்கறப்ப கூப்பிட்டுடு. ஏய்னு கூப்பிட்டாலும் நிறுத்துவேன். யோவ்னாலும் சரி, கோச்சுக்க மாட்டேன்."

"அதெல்லாம் எப்படிக் கூப்பிடறது?"

"வேற ஒண்ணு வரலையே." ஒரு தட்டை இரண்டு முறை துடைத்தார். "உங்கப்பா எடம் எனக்கு வேணாம்மா. பழைய லிஃப்ட்ல ஆபரேட்டருக்கு மூலைல ஒரு ஸ்டூல் போட்டிருப்பாங்க. அது போதும்னுதான் வந்தேன்."

தட்டை எங்கே வைப்பது என்று கேட்டார். காட்டினேன்.

மே 13, செவ்வாய்

கடைசி முகாம். சரிவான இடம். காற்று. வண்டி பின்னால் வருகிறது, நான் பக்கவாட்டில். பின்னால் குழாயடியில் அம்மா முதுகைக் காட்டிக் குனிந்து அந்த மண் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் முழுவேகத்தில் கொட்டுகிறது. அவளுக்கு எஞ்சின் கேட்கவில்லை. அவருக்குக் கண்ணாடியில் அவள் தெரியவில்லை. பின்கதவு எனக்கு எட்டவில்லை, தட்டுவதற்கு.

"எங்கம்மா வீட்டுக்காரரே, நிறுத்துங்க" என்று கத்தினேன்.

முகாமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வண்டியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. அம்மா குழாயை மூடி, நிமிர்ந்து, தனக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் நின்ற வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக டிரைவர் ஜன்னலுக்குப் போனாள்.

"அவ என்ன சொன்னா?"

"நிறுத்தச் சொன்னா."

"அதுக்கு முன்னாடி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "யாரையோ கூப்பிட்டா. நான்தான்னு நெனச்சு நிறுத்திட்டேன்."

அம்மா திரும்பிக் குழாயடிக்குப் போய், கழுவிய கிண்ணத்தை மறுபடி கழுவினாள்.

மே 14, புதன்

வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். கேமராவைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

சமையலறை டிராயர் மூட மாட்டேன் என்கிறது. மரக்கரண்டிகள். அவருடைய பழைய ஒற்றைக் கரண்டியும் அதில்தான் இருக்கிறது, காம்பு வளைந்த எவர்சில்வர். அதுதான் குறுக்கே நிற்கிறது. ஏதாவது ஒன்றைத் தூக்கிப் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

மாடியிலிருந்து கூப்பிட்டேன். "அம்மா வீட்டுக்காரரே, டிராயரைக் கொஞ்சம் பாருங்க." எதிர்வீட்டில் இப்போதெல்லாம் யாரும் ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போனார். அம்மா டார்ச் பிடிக்கப் போனாள். சின்ன வேலைதான். போய் ரொம்ப நேரமாகிறது, இன்னும் பேச்சுச் சத்தம் கேட்கிறது.