புகையில்லாமல் பழுத்த குலை

வற்றாப்பளை அம்மன் துணை

கிளிநொச்சி,
18.8.63

அன்புள்ள மகன் யோகநாதனுக்கு,

ஐயா எழுதிக்கொள்வது. உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. அங்கே குளிர் தொடங்கமுன் நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொள். இங்கே சிறுபோக நெல் வெட்டியாயிற்று. குளத்தில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது.

நீ முதலில் கேட்டது அம்மாவைப் பற்றி. நான் குளத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். தொண்டைக் கட்டி இன்னும் பெருத்துவிட்டது. கொழும்புப் பெரிய டொக்டர், இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னா. எழுதிவிட்டேன்.

நன்றாகக் கனிந்த வாழைப்பழம் மட்டும்தான் அவவுக்கு இறங்கியது என்று முன்பே எழுதியிருந்தேன். இந்தக் குடியேற்றக் கிராமத்தில் யார் வீட்டு விசேஷமென்றாலும் குலையை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். குழி வெட்டி, சருகு பரப்பி, தேங்காய்ப் பொச்சுப் புகை ஊதிப் பழுக்க வைப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. ஆனால் என் பெண்சாதிக்கு அந்தப் பழம் ஆகவில்லை. புகை மணம் பட்டாலே இருமல், இருமினால் இரத்தம். அதனால்தான் வெட்கத்தை விட்டு உன்னிடம் வழி கேட்டேன்.

பழுக்க வைப்பது புகையின் சூடு இல்லை, அதிலுள்ள ஒரு வாயு என்றும், பழுத்த பழமும் அதே வாயுவை விடும் என்றும், காய்ச் சீப்போடு ஒரு பழத்தைப் பெட்டியில் மூடி வை என்றும் முந்தின கடிதத்தில் எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் புகை ஊதிக் கண் கெட்ட எனக்கு இவன் லண்டனிலிருந்து பாடம் நடத்துகிறானே என்று சிரித்தேன். மற்றதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்து நேசமலர் ரீச்சர்தான் விளங்கப்படுத்தினா. காயின் கலங்களை ஒட்டி வைத்திருக்கும் பசையைப் பழத்துக்குள்ளேயே உண்டாகிற நொதியம் கரைக்கிறதாம், பழம் மெதுவாவது அதனாலாம். அதை உண்டாக்கும் கட்டளை பிஞ்சிலேயே பரம்பரை அலகில் இருக்கிறதாம். அம்மாவின் தாயும் இதே தொண்டை வருத்தத்தில்தான் போனா. அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

ஒரு சீப்பு வை என்று நீ தெளிவாக எழுதியிருந்தும், குழி போட்டுப் பழகிய கை கேட்கவில்லை. இதரை வாழைக் குலையை முழுதாகவே ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஒரேயடியாக எல்லாம் மஞ்சளாகிவிட்டது. அம்மா ஒன்றரைப் பழம் சாப்பிட்டா. புகை மணம் துளியும் இல்லை, மகனிடம் சொல்லுங்கோ என்று சிரித்தா. அவ சிரித்துக் கனகாலம். அடுத்த இரண்டு நாளும் சாப்பிட்டா. மீதி கறுத்துப்போய் மாட்டுக்குப் போட்டேன்.

பிறகு வேறு குலை வெட்டி, உன் சொற்படி ஒரு சீப்பு மட்டும் வைத்தேன். அருமையாகப் பழுத்தது. அதற்குள் அம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது, மகனே. இப்போது சீலைத்துண்டைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் பிழிந்துவிடுகிறேன். ஒரு பழத்தை உரித்து முகத்துக்குக் கிட்டப் பிடித்தால் மணந்து பார்த்துவிட்டு, போதும் என்று கை காட்டுகிறா. எனக்கு எல்லோரிலும் கோபம் வருகிறது. உன்னிலும்தான்.

அங்கே குளிர் அறைகளில் வைத்துப் பழங்களை மாதக்கணக்கில் பழுக்கவிடாமல் நிறுத்தி வைப்பதாக எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வாசித்து அழுதேன்.

பரீட்சை ஐப்பசியில் என்று அம்மாவுக்குத் தெரியும். அதை முடிக்காமல் நீ வரக்கூடாது, கண்டிப்பாக எழுதுங்கோ என்று குரல் இருந்தபோது சொன்னா. இப்போதும் நான் பேனை எடுத்தால், எழுதினீங்களோ என்று கண்ணால் கேட்கிறா. எழுதிவிட்டேன் என்று தலையாட்டினேன். இதோ, எழுதியும்விட்டேன்.

சின்ன வயதில் அம்மா சொல்வதை நீ ஒருநாளும் கேட்டதில்லை. அதற்காக உன்னை அடித்தவன் நான். இதையும் கேளாதே, ராசா.

உன் ஐயா,
ஏரம்பு