முதுகில் கீறிய கோடு

“எண்ணெய் பட்டாக் கோடு அழியுமெண்டு எனக்குத் தெரியுமே?” என்று நீங்கள் கத்தியது பக்கத்து வீட்டுப் பிரேமினிக்கும் கேட்டிருக்கும், ஊருக்கு இனி றேடியோ தேவையில்லை. ஆசுப்பத்திரியில் கதிர் பிடிக்க இடம் குறித்து டொக்டர் என் முதுகில் கீறிய கோட்டை மாதா கோயில் எண்ணெய் பூசி அழித்துவிட்டீர்கள். திரும்பக் கீறுவிக்க அங்கே போகிறேன்.

குசினியில் திருக்கைக் குழம்பு இருக்கிறது. வீட்டுத் திறப்பு பிரேமினியிடம்.

ஒன்றை மறைத்துவிட்டேன். புற்றுநோய் எலும்பெல்லாம் பரவிவிட்டதாம். இந்தக் கதிர் நோவைக் குறைக்க மட்டும்தான், சுகமாக்காது. மிச்ச எண்ணெயைக் கோயிலிலேயே கொடுத்துவிடுங்கோ.

உங்கட யூலிற்றா

பி.கு.: என்னோடு கதிருக்கு வந்த ஒட்டுசுட்டான் கமலாசனி மாசியில் செத்துப்போனா. புருசன் ஆவணியில் வேறு கலியாணம் கட்டி வவுனியாவுக்குப் போய்விட்டாராம். நீங்களும் கட்டுங்கோ. அதைக் கதைக்கத்தான் ஊரில் நான் இருக்கமாட்டன்.