சர்க்கார் கிடாவும் அந்தோணியார் கிடாவும்

6-7-1958
சர்க்கார் கிடா வந்துவிட்டது! ஆவூர்ப் பக்கத்தில் எத்தனையோ பேர் கேட்டும், பிளாக் ஆபீசில் இனவிருத்திக்கு எனக்குத்தான் கொடுத்தார்கள். (வேறு யாரும் கேட்கவே இல்லை என்கிறாள் என் மனைவி வியாகுலமேரி. அவளுக்கு என்ன தெரியும்?) வெள்ளைவெளேர் என்று யானை உயரம். சரி, கன்றுக்குட்டி உயரம்.

கிராம சேவக் ஜீப்பில்... மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். "ஊர்க் கிடா மந்தையில இருக்கக் கூடாது, காயடிச்சிருங்க. தை மாசம் வருவேன். வெள்ளைக் குட்டி இல்லைன்னா கிடாவை வேற ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருவோம்" என்றார்.

"காயடிச்சாச்சு" என்றேன்.

அடிக்கவில்லை.

7-7-1958
என் மந்தையின் கருங்கிடா அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்டது. அடுத்த வருஷத் திருவிழாவில் ஊர் கூடிச் சாப்பிடும் அசனத்துக்குக் குறையில்லாமல் போக வேண்டும். "நேந்துவிட்டதுல கத்தி வைப்பீங்களா? கட்டிக்கூடப் போடக் கூடாது" என்கிறாள் மேரி. புனிதரோடு நமக்கு எதற்கு வம்பு?

9-7-1958
மச்சினன் மைக்கேல்சாமி வந்து பார்த்தான். "என்ன மாமா, கிடாவா இது, பஞ்சு மெத்தையா? நம்ம முள்ளுக்காட்டுல தாங்குமா? என் மந்தைப் பக்கம் விட்டுறாதீங்க."

பொறாமை. தை மாதம் என் பட்டியில் வெள்ளைக் குட்டி துள்ளும் என்று ஊர் நடுவே சத்தியம் செய்தேன்.

17-8-1958
எருவுக்காக என் வயலில் ஆட்டுக்கிடை. என் மந்தையும் மைக்கேல்சாமி மந்தையும் ஒன்றாகத்தான் அடைத்தோம். அவன் தன் கிடாவை ஆடிப் படையலுக்கு விற்றுவிட்டவன். காலையில் போனால் சர்க்கார் கிடா அவன் ஆடுகளுக்கு நடுவில் நிற்கிறது. கருங்கிடா முட்டி விரட்டியிருக்கிறது.

"ஒங்க ஆபீசரு அடி வாங்கிட்டு அங்கிட்டு ஓடிட்டாரு மாமா!"

விருந்துக்குப் போயிருக்கிறது என்றேன். கிடை கலையும்வரை விருந்து முடியவில்லை.

20-1-1959
குட்டிகள் போட்டன. எல்லாம் கறுப்பு. அந்தோணியாரே!

22-1-1959
ஊரே மைக்கேல்சாமி பட்டிக்குப் போகிறது. அங்கே வெள்ளைக் குட்டிகள். நீளக் காது, தடித்த கால். அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும்தான்.

2-2-1959
சேவக் வந்தார். "காயடிச்சாச்சுன்னீங்களே?"

வெயிலில் குட்டி கறுத்துவிட்டது என்று விளக்கினேன். ஏற்கவில்லை, அவர் படிப்பு அவ்வளவுதான். கிடாவை அவிழ்த்தார். அதன் முதுகை ஒரு தடவை தடவிக்கொடுத்தேன். இதை எழுதியிருக்க வேண்டாம்.

திடீரென்று மைக்கேல்சாமி கக்கத்தில் ஒரு வெள்ளைக் குட்டியோடு குறுக்கே வந்து நின்றான். "எங்கிட்டு ஓட்டுறீங்க சார்? இது எங்க ஊருக் கிடா. இந்தக் குட்டியப் பாருங்க!"

சேவக் குட்டியைத் தூக்கிப் பார்த்தார். கண் விரிந்தது. "அப்ப ஒங்க பட்டியிலயே நிக்கட்டும்" என்று கயிற்றை அவனிடம் கொடுத்தார்.

அவனிடம்!

14-6-1959
நேற்று அசனம். கருங்கிடா போய்ச் சேர்ந்தது. கறியிலும் முட்டுகிற ருசி.

10-8-1959
இந்த வருஷக் கிடைக்குச் சர்க்கார் கிடா வேண்டுமென்று மைக்கேல்சாமி வாசலில் கூட்டம். ஊரையே மாற்றியவன் நான்தான். கருங்கிடாவை விட்டுவைத்ததே என் திட்டம்தானே. மேரி விரட்டியதால் நானும் போனேன்.

"வரிசையில வாங்க மாமா" என்றான்.

முதல் ஆளாக நின்றேன் என்று எழுத நினைத்தேன். நாலாவது.